புழுதி காணாத வண்டி

அத்தியாயம் நான்கு

முந்தைய மூன்று அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். அவற்றில் காணாமல்போன ஓர் ஆட்டைக் கண்டுபிடித்தோம். ஆட்டுக்காரர் கூலியைக் கறியாகவே கொடுத்துவிட்டார், எனவே அந்தத் தடயமும் இப்போது என் வயிற்றில்தான் இருக்கிறது.

என் பெயர் சிரிலோ. எஸ்பன்யோலா ஊரில் துப்பறியும் டெல்ஃபினா அபெய்த்தாவின் உதவியாளன். எங்கள் அலுவலகத்தில் அவர் மூளை, நான் மற்றதெல்லாம். மற்றதெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது என்பாள் என் மனைவி.

அன்று வியாழக்கிழமை காலை, மேடத்தின் பின்யோன் கொட்டை, அதாவது பைன் மரக் கொட்டை ஜாடிக்குள் கைவிட முயன்றுகொண்டிருந்தேன். குறுகிய வாய் கொண்ட கண்ணாடி ஜாடி. அவருடைய ஒல்லிக் கை சுலபமாகப் போய்வரும். என் கை விரல் முட்டியோடு நின்றுவிடும்.

"கவிழ்த்தா கொட்டும், சிரிலோ."

"கவிழ்த்தா எத்தனை எடுத்தேன்னு நீங்க பாத்துடுவீங்க மேடம்."

அப்போது தெருமுனையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கீச்... கீச்... பன்றிக்குட்டியின் வாலை யாரோ மிதித்துக்கொண்டே நடப்பது மாதிரி. பக்கத்து ரொட்டிக் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். சத்தம் எங்கள் வாசலில் வந்து நின்றது.

வண்டியைப் பார்த்தேன். பழைய பிக்கப். செர்ரிப் பழச் சிவப்பு. தரையோடு தரையாக இறக்கியிருந்தார்கள், அதன் அடியில் படுக்க ஒரு பூனைகூட யோசிக்கும். பின்கதவில் வளைந்த தங்க எழுத்தில் பெயர்: லா கயாடா. வாயே திறக்காதவள் என்று அர்த்தம்.

"பேருக்குப் பொருத்தமா இருக்கே" என்றேன்.

இறங்கியவன் என்னை முறைத்தான். அர்செனியோ லொவாத்தோ. பள்ளி பஸ் ஓட்டுகிறவன். சட்டையில் இஸ்திரிக் கோடு, மீசையில் எண்ணெய், முகத்தில் எள்ளும் கொள்ளும்.

"எனக்கு ஆதாரம் வேணும் மேடம். என் மச்சான் உபால்தோ வேணும்னே என் வண்டியைக் கெடுக்கிறான். அதை அவன் தங்கச்சிகிட்ட நிரூபிக்கணும்."

"தங்கச்சிகிட்ட எதுக்கு?"

"வர்ற சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமை அவளுக்கும் எனக்கும் கல்யாணம்."

மேடம் ஒரு கொட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "முதல்ல இருந்து சொல்லுங்க."

சொன்னான். உபால்தோ நரான்ஹோவும் இவனும் சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். உபால்தோ வெல்டிங் பட்டறைக்காரன். இந்த வண்டியை இறக்கிக் கட்டியது அவன்தான். அடியில் இருக்கும் சேசிஸ் சட்டத்தைப் பிறை மாதிரி வெட்டி, தகடு வைத்து, அச்சு இடிக்காமல் இடம் செய்து, ஒரு கல்யாணச் சட்டை தைப்பதுபோலப் பொறுமையாகச் செய்தான். அவன் தங்கை லீச்சாவை அர்செனியோ கேட்டதும் சரியென்றான். நிச்சயம் ஆனது. நிச்சயம் ஆன கையோடு வண்டி கத்த ஆரம்பித்தது.

"அவன்கிட்டயே காட்டினீங்களா?"

"காட்டினேன். ஒரு தடவை கிரீஸ் அடிச்சுக் குடுத்தான். ஒரு வாரம் வாயை மூடிட்டு இருந்துச்சு. மறுபடியும் ஆரம்பிச்சதும், 'உன் வேலை சரியில்ல மச்சான்'னேன். 'இன்னொரு தடவை சொல்லு பாப்போம்'னான். சொன்னேன்."

"அப்புறம்?"

"அதோட பேச்சு வார்த்தை இல்ல."

உபால்தோவுக்கும் லீச்சாவுக்கும் அப்பா கிடையாது. ஆகவே லீச்சாவின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்து வர வேண்டியவன் உபால்தோதான். அவன் வரக்கூடாது என்கிறான் மாப்பிள்ளை. அவன் இல்லாமல் படி ஏற மாட்டேன் என்கிறாள் பெண். விருந்துக்கு ஆடு சொல்லியாயிற்று, பாட்டுக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று, ஒரு கீச்சுச் சத்தத்தால் கல்யாணம் நடுவில் நிற்கிறது.

"நீங்க கண்டுபிடிக்கலேன்னா வண்டியை அல்புகர்கி நகரத்துப் பட்டறைக்குக் கொண்டு போயிடுவேன்" என்றான் அர்செனியோ. "அவன் போட்ட தகடு, வெட்டு, எல்லாத்தையும் பிச்சு எறிஞ்சுட்டுப் புதுசா போடச் சொல்வேன். அவன் கை பட்டது எதுவும் என் வண்டியில இருக்கக்கூடாது."

கோபம் மட்டும் என்றால் எனக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். கூட்டாளியை இழக்கிறவன் முகம் அது, பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மேடம் கேட்ட முதல் கேள்வி இது: "எந்தக் கிழமையில கத்துது?"

"மேடம், வண்டிக்குமா கிழமை?" என்றேன்.

"இருக்கு" என்றான் அர்செனியோ ஆச்சரியத்தோடு. "சனிக்கிழமை நானே ஆயில் ஊத்துவேன். சத்தம் நின்னுடும். ஞாயித்துக்கிழமை லீச்சா வீட்டுக்கு சத்தமில்லாமப் போவேன். திங்கக்கிழமை வேலைக்குக் கிளம்பினா... கீச்."

"அப்போ ஞாயித்துக்கிழமை லீச்சா வீட்டுல என்ன நடக்குது?"

"அதைத்தான் சொல்றேன்! உபால்தோவும் அதே வீடு. பட்டறை அதே முற்றத்துல. அவனைத் தவிர யாரு?"

"வண்டியைக் காவல் காக்கலையா?"

"காக்காம? சாப்பிட்டதும் வண்டிப் பின்னாடி மெத்தையைப் போட்டு அதுலயேதான் தூங்குறேன். ஜாக்கி வச்சுத் தூக்கினா எனக்குத் தெரியாமப் போகுமா?"

மேடத்தின் கண்கள் பளிச்சிட்டன. காவல்காரன் மேலேயே படுத்திருக்க, கீழே ஒருவன் வேலையைக் காட்டிவிட்டுப் போகிறான். பூட்டிய அறைக்குள் திருட்டு என்பார்களே, அந்த ஜாதி.

*

அர்செனியோ வீட்டு முற்றம் சிமெண்ட் போட்டது. அங்கே வண்டியை நிறுத்தி, அவனை மெத்தையோடு பின்னால் படுக்கச் சொன்னார் மேடம்.

"தூங்குற மாதிரியே படுங்க."

"இப்படித்தான் தூங்குவேன்" என்று மல்லாந்து இரண்டு கையையும் விரித்தான். அவன் எடைக்கு வண்டி இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

சத்தம் வந்தது இடப்பக்கப் பின்சக்கரத்திலிருந்து, அதாவது எங்கள் ஊரில் ஓட்டுகிறவன் உட்காரும் பக்கம். அங்கே பட்டை ஸ்பிரிங்கின் வால் ஒரு சின்னக் கொக்கியில் ஊஞ்சலாடும். கொக்கியின் காதில் புஷ் என்று ஒரு சின்ன வளையம். அது சிணுங்கினால்தான் வண்டி கத்தும்.

"சிரிலோ, ஜாக்கி இல்லாம அந்த புஷ்ஷைத் தொடு."

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டேன். விரல் போனது. முட்டி போனது. அதற்குமேல் போகவில்லை. திரும்பியும் வரவில்லை.

"மேடம்."

"தொட்டாச்சா?"

"கை மாட்டிக்கிச்சு."

மேலே படுத்திருந்தவன் சிரித்தான். அவன் சிரிக்கச் சிரிக்க வண்டி குலுங்கி என் கையை இன்னும் இறுக்கியது. "சிரிக்காதீங்க, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, இந்தக் கை இன்னும் வேணும்!" என்று கத்தினேன். கடைசியில் அவன் இறங்கி வந்த பிறகுதான் என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது.

அவனை மறுபடி படுக்கச் சொல்லிவிட்டு மேடம் தன் கையை விட்டார். மணிக்கட்டு தாண்டி வழுக்கிப் போனது. வெளியே வந்த விரல் நுனியில் கறுப்பு எண்ணெயோடு ஏதோ பிசுபிசுப்பு. அதைக் காகிதக் கைக்குட்டையில் தேய்த்தார். எண்ணெயைக் காகிதம் குடித்துவிட்டது. மிச்சமிருந்தது வெளிர்ப்பழுப்பாக ஒரு பொடி.

"மண்ணு" என்றேன். "இதுல என்ன அதிசயம்? இந்த ஊர்ல சூப்புலகூட மண்ணு இருக்கும்."

"அர்செனியோ, இந்த வண்டி மண் ரோட்டுல போகுமா?"

அவன் எழுந்தே உட்கார்ந்துவிட்டான். "மண் ரோட்டுலயா? இவளையா? என் மாமா செத்தப்போ அவர் பண்ணைக்கு மண் ரோடுன்னு வண்டியை ரோட்டோரம் விட்டுட்டு நடந்து போனேன். இவ வயித்துல இதுவரைக்கும் ஒரு கல்லு பட்டதில்ல!"

"அப்போ மண்ணு நடந்து வந்துச்சா?"

மேடம் காகிதத்தை வெயிலில் பிடித்தார். கல் இல்லை, புல் இல்லை. சலித்த மாவு மாதிரி சுத்தமான மண். எழுந்து சுற்றிப் போய் வலப்பக்கப் பின்சக்கரத்திலும் கையை விட்டார். அங்கே கொஞ்சம் அதிக நேரம் துழாவினார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது.

"அங்கே என்ன மேடம்?"

"அந்தப் பக்கம் கத்தல இல்ல? அப்போ அதைப் பத்தி இப்போ பேச வேண்டாம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. மூளைக்காரர்களோடு வேலை செய்வதில் இதுதான் தொல்லை, பாதியை அவர்களே வைத்துக்கொள்வார்கள்.

*

வெள்ளிக்கிழமை உபால்தோவின் பட்டறை. மேடம் ஜாடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டேன். பசிக்கும் என்றார்.

உபால்தோ பெரிய உருவம். முன்னங்கை அடுப்புப் புகைக்குழாய் அளவுக்கு இருந்தது. முகமூடியைத் தூக்கி எங்களைப் பார்த்தான்.

"அந்தப் பய அனுப்பினானா?"

"ஆமா" என்றார் மேடம். "கொட்டை எடுத்துக்கோங்க."

ஜாடிக்குள் கையை விட்டான். முட்டியில் நின்றது. இன்னொரு கையை முயன்றான். அதுவும் நின்றது. "என்ன, விளையாடுறீங்களா?" என்று ஜாடியைத் திருப்பிக் கொடுத்தான். அவனும் என் இனம் என்று எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

"வண்டி கத்துதே, உங்க வேலையில கோளாறா?"

"ரெண்டு பக்கமும் நான்தான் போட்டேன். ஒரே நாள், ஒரே டப்பா கிரீஸ், ஒரே கை. என் வேலை மோசம்னா ரெண்டும் சேர்ந்து கத்தணும். ஒன்னு மட்டும் கத்துதுன்னா அது வேலையில உள்ள கோளாறு இல்ல. வேற எவனோ கைவச்சிருக்கான்."

"அவரும் அதையேதான் சொல்றார். அந்த எவனோ நீங்கதான்கிறார்."

உபால்தோ கையிலிருந்த குறடை மேசைமேல் எறிந்தான். "அவனுக்கு நேர்ச்சைக்காரன் புத்தி. வண்டியைப் பாதிரியார்கிட்ட மந்திரிக்கணும்னான். வெல்டிங் ஒழுங்கா இருந்தா சாமிக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டேன். அன்னைக்கே முறைச்சான். சாமி கும்பிடாதவன் குடும்பத்துக்கு ஆகாதவனாம்."

"நிஜமாவே கும்பிட மாட்டீங்களா?"

"எங்க அப்பா ஆத்தோர ரோட்டு வளைவுல வண்டியோட கவுந்து செத்தப்போ அவர் கழுத்துல மூணு சாமி தொங்கிச்சு. அதுக்கப்புறம் நான் கோயிலுக்குப் போறது கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான். என் பங்கையும் சேத்து லீச்சா கும்பிடுறா."

"இந்தக் கல்யாணத்துக்குப் போவீங்களா?"

முகமூடியை இறக்கிக்கொண்டான். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "அவன் நல்லவன்தான். அவளை நல்லா வச்சுக்குவான். ஆனா என் வேலையைக் குப்பைன்னவன் கல்யாணத்துல நான் எந்த முகத்தோட நிக்கிறது?"

தீப்பொறி பறந்தது. பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் சொன்னேன்: "இவன்தான் மேடம். கோபம் இருக்கு, பட்டறை இருக்கு, முற்றம் இருக்கு. எல்லாம் பொருந்துது."

"கை பொருந்தலையே."

"என்ன கை?"

"வண்டியில அந்த இடுக்கு எவ்வளவு இருந்துச்சு தெரியுமா? என் ஜாடி வாய் அளவு."

ஜாடியைப் பார்த்தேன். இத்தனை நாள் அது என்னை மட்டும்தான் அவமானப்படுத்துகிறது என்று நினைத்திருந்தேன்.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் நரான்ஹோ வீட்டில் எங்களுக்கும் சாப்பாடு. அர்செனியோ ஏற்பாடு செய்திருந்தான். லீச்சாவிடம் மேடத்தை அவனுடைய தூரத்துச் சொந்தம் என்று சொல்லியிருந்தான். என்னை என்ன சொன்னான் என்று தெரியவில்லை, ஆனால் பெரிய தட்டாக வைத்தார்கள்.

முற்றம் முழுக்கக் கறுப்பு ஜல்லி. நடந்து வரும்போதே மேடம் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுப் போட்டார். அந்தப் பொடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

லீச்சா சின்ன உருவம், துறுதுறுப்பு. செக்கச்செவேலென்று மிளகாய்க் குழம்பில் வேகவைத்த சோளமும் பன்றிக்கறியும் பரிமாறினாள். உபால்தோ தட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போய்விட்டான். அர்செனியோ சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். இடையில் ஓடி ஓடி இரண்டு பேரையும் சிரிக்கவைக்கப் பார்த்தாள் அந்தப் பெண். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பாவம், தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ.

"கொட்டை எடுத்துக்கம்மா" என்று மேடம் ஜாடியை நீட்டினார்.

லீச்சாவின் கை உள்ளே போய் ஒரு பிடியோடு வெளியே வந்தது. நான் பெருமூச்சு விட்டேன். சிலருக்குக் கடவுள் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார்.

"விரல் முட்டியில என்னம்மா கீறல்?"

"அடுப்புல பட்டுடுச்சு" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் அர்செனியோ வழக்கம்போல வண்டிக்குப் போய் மெத்தை விரித்தான். தூங்குகிற மாதிரி நடிக்கச் சொல்லியிருந்தோம். மூன்றாவது நிமிடத்தில் நிஜமான குறட்டை வந்தது.

"நான் எங்க ஒளிஞ்சுக்கணும் மேடம்? அந்த ஆப்ரிகாட் மரத்துக்குப் பின்னாடி?"

"மரத்துக்கு ரெண்டு பக்கமும் நீ தெரிவே. இந்த அடுக்களையிலயே உக்காரு. தட்டும் கையுமா இருந்தா உன்னை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். லீச்சா பின்கட்டுக் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பட்டறைக் கதவு மெல்லத் திறந்தது. உபால்தோ வெளியே வந்தான். இருபக்கமும் பார்த்தான். அடிமேல் அடி வைத்து வண்டியருகே போனான். பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

என் கையிலிருந்த கரண்டி விழுந்தது. "சொன்னேனா இல்லையா! புடிங்க மேடம்!"

மேடம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எந்தப் பக்கம் உக்காந்திருக்கான்?"

"வலது..."

"கத்துறது?"

"இடது..." என் குரல் இறங்கிவிட்டது.

உபால்தோ அங்கேயே வெறுமனே உட்கார்ந்திருந்தான். இடுக்குக்குள் கையை நீட்டக்கூட இல்லை. மட்கார்டை ஒருமுறை தடவிவிட்டு எழுந்து திரும்பிப் போய்விட்டான். ஒன்றுமே புரியாமல் தலையைச் சொறிந்தேன். அப்போதுதான் கவனித்தேன், குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளைக் காணோம்.

அவள் இடப்பக்கப் பின்சக்கரத்தருகே மண்டியிட்டிருந்தாள். கையில் ஒரு சின்ன மாத்திரை டப்பி. இரண்டு விரலால் எதையோ கிள்ளி எடுத்து, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கையை நுழைத்து, உள்ளே அழுத்தினாள். பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு உதடு அசையப் பிரார்த்தித்தாள்.

அந்தக் கணத்தில்தான் என் மரமண்டையில் உறைத்தது. பக்கத்து ஊர் சிமாயோ கோயிலின் பின்னறையில் மண் நிறைந்த ஒரு சின்னக் குழி உண்டு. அந்தப் புனித மண்ணை அள்ளி வந்து வலிக்கிற இடத்தில் தடவுவோம், பயப்படுகிற இடத்தில் தூவுவோம். எங்கள் பள்ளத்தாக்கில் அது இல்லாத வீடு கிடையாது. என் முழங்காலில் என் மனைவி தினமும் தேய்ப்பதும் அதுதான். என் முழங்காலில் இருந்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பேன். வண்டியின் முழங்காலில் இருந்ததால் தெரியாமல் போய்விட்டது.

மேடம் போய் அவள் தோளைத் தொட்டார். லீச்சா திடுக்கிட்டுக் கையை இழுத்ததில் முட்டி மறுபடி உரசி இன்னொரு கீறல் விழுந்தது.

"அடுப்பு ரொம்ப சூடா இருக்கு போல" என்றார் மேடம் மெதுவாக.

சத்தத்தில் அர்செனியோ எழுந்து உட்கார்ந்தான். கன்னத்தில் மெத்தைக் கோடு. "புடிச்சாச்சா? எங்க அவன்?"

"நீங்க தேடுன ஆள் உங்க முன்னாடியே நிக்கிறாங்க."

அவன் லீச்சாவையும் டப்பியையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் அழ ஆரம்பித்தாள்.

"எங்க அப்பா வண்டியில யாரும் மண்ணு வைக்கல" என்றாள். "நீங்களும் அதே ரோட்டுலதான் தினமும் போறீங்க. நிச்சயம் ஆன அன்னைக்கு ஒரு சிட்டிகை வச்சேன், நீங்க உக்கார்ற பக்கம். உங்ககிட்ட சொன்னா நான் ஓட்டுறதுல நம்பிக்கை இல்லையான்னு சண்டை போடுவீங்க. அண்ணன்கிட்ட சொன்னா சிரிப்பான். அப்புறம் வண்டி கத்த ஆரம்பிச்சுது. ஏதோ கெட்ட சகுனம்னு பயந்துட்டேன். அதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கொஞ்சம் அதிகமா..."

"நீ மண்ணு வச்சதாலதான் கத்துச்சு!" என்றான் அர்செனியோ.

"கத்துனதாலதான் மண்ணு வச்சேன்!"

"சனிக்கிழமை நீங்க ஆயில் ஊத்துறீங்க, ஞாயித்துக்கிழமை இவங்க மண்ணு போடுறாங்க" என்றேன். "ரெண்டு பேரும் சேர்ந்து வாரா வாரம் நல்லா பிசைஞ்சிருக்கீங்க. இலையில சுத்தி வேகவைக்கிறதுதான் பாக்கி."

யாரும் சிரிக்கவில்லை. பட்டறை வாசலில் உபால்தோ வந்து நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.

"அப்போ என் வேலையில ஒன்னும் இல்ல" என்றான்.

"ஒன்னும் இல்ல" என்றார் மேடம்.

அர்செனியோ வண்டியிலிருந்து இறங்கினான். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாயும் திறந்தான். ஆனால் ஆண்பிள்ளை வீம்பு இருக்கிறதே, அது கடைசி நொடியில் குறுக்கே விழும்.

"சரி, சத்தத்துக்கு நீ காரணம் இல்ல. ஒத்துக்கிறேன். ஆனா ஒரு நாளாவது எங்க ரெண்டு பேருக்கும் நல்லா இருங்கன்னு வாய் நிறைய சொல்லியிருக்கியா? அவளாவது பயந்து மண்ணு வச்சா. நீ? வெல்டிங் இருக்கு, சாமி எதுக்குன்னு கேட்டவன்தானே?"

உபால்தோவின் முகம் சிவந்தது. திரும்பிப் போகக் காலெடுத்தான். லீச்சா "அண்ணா!" என்று கத்தினாள். அவ்வளவுதான், கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

"உபால்தோ" என்றார் மேடம். "கொஞ்ச நேரம் முன்னாடி வலது சக்கரத்துகிட்ட என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவன் நின்றான். "ஒன்னும் இல்ல."

"நான் எடுக்கட்டுமா?"

"வேண்டாம்."

மேடம் காத்திருக்கவில்லை. வலப்பக்கம் போய்க் குனிந்து கையை விட்டார். மேலே, வெட்டிய பிறைக்குள், அவன் வைத்த தகட்டின் மறைவில் எதையோ அவிழ்த்து வெளியே எடுத்தார். டயர் டியூபை வெட்டி ஓரம் ஒட்டிச் செய்த ஒரு சின்னப் பை. கம்பி போட்டு நேர்த்தியாகக் கட்டியிருந்தது. உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் உள்ளே பொடி நெரிந்தது. தண்ணீர் புகாது, எண்ணெய் புகாது, ஆயிரம் மைல் ஓடினாலும் ஒரு துளி சிந்தாது.

"அதே மண்ணு" என்றார் மேடம். "மெக்கானிக் வச்சா சத்தம் போடாது."

அர்செனியோ அந்தப் பையை வாங்கிப் பார்த்தான். கம்பிக் கட்டை விரலால் தடவினான்.

"எப்போ வச்சே?"

"வண்டி கட்டும்போதே." உபால்தோ தரையைப் பார்த்துச் சொன்னான். "நீ இவளைக் கேப்பேன்னு எனக்கு அப்பவே தெரியும். அது இவ உக்கார்ற பக்கம்."

"அண்ணா, நீ கோயிலுக்குப் போனியா?" லீச்சாவால் நம்ப முடியவில்லை.

"போகல. உன் டப்பியிலேருந்துதான் எடுத்தேன்."

"இன்னைக்கு எதுக்குடா அங்க போய் உக்காந்தே?" என்றான் அர்செனியோ.

"நீ அல்புகர்கிக்கு கொண்டு போறதா இவ சொன்னா. அங்க வெட்டுறவனுக்கு இது என்னன்னு தெரியுமா? குப்பையில போட்டுடுவான். அதுக்கு முன்னாடி எடுத்துடலாம்னு பாத்தேன்." தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். "கை போகல."

அவன் கையை நீட்டவே இல்லை என்பதை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்த ஒன்றை நான் விழுங்கியது அன்றுதான் முதல் தடவை.

அர்செனியோ இரண்டெட்டு வைத்துப் போய் அவனைக் கட்டிப்பிடித்தான். இஸ்திரிச் சட்டையில் கரி படிந்தது. லீச்சா இருவருக்கும் நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, மிளகாய்க் காரம் என்று மேடத்திடம் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் உபால்தோ மூக்கைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குள் போனான். ஜாக்கியோடும், ஒரு பழைய டியூபோடும், கத்தரியோடும் திரும்பி வந்தான்.

"இடது பக்கத்துக்கும் ஒரு பை ஒட்டணும்" என்றான். "அள்ளுன மண்ணை வெளியே கொட்டக்கூடாது இல்ல? மச்சான், லைட்டைப் பிடி."

"பட்டப்பகல்ல லைட் எதுக்கு?"

"பிடின்னா பிடி."

பிடித்தான்.

*

கல்யாணத்தன்று கோயில் மணிக்காரருக்கு ஒரு வேலை சொல்லியிருந்தார்கள். வண்டி திருப்பத்தில் வந்ததும் மணியை அடிக்க வேண்டும். அவருக்கு வயதாகிவிட்டது, கண் அவ்வளவாகத் தெரியாது. "கவலைப்படாதீங்க, அந்த வண்டி வர்றது ஊருக்கே கேக்குமே" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

உள்ளே எல்லாரும் காத்திருந்தார்கள். வாசலில் என் பக்கத்தில் உபால்தோ நின்றிருந்தான். புதுக் கோட்டு, தோளில் இறுக்கிப் பிடித்தது. தங்கையை அழைத்து வர வேண்டியவன், தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தெருவுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது. மணி அடிக்கவே இல்லை.

திடீரென்று அவன் முகம் மலர்ந்தது. என் விலாவில் இடித்தான்.

"கேட்டுச்சா?"

"என்னது? ஒன்னுமே கேக்கலையே."

"அதான்" என்றான், கண் நிறைந்துபோய்.

வெளியே, கோயில் படியருகே, அர்செனியோ ஓட்டிவந்த செர்ரிச் சிவப்பு வண்டி ஒரு கீச்சும் இல்லாமல் வந்து நின்றிருந்தது. லீச்சா இறங்கி அண்ணனை நோக்கிக் கையை நீட்டினாள்.